தொழில் இரகசியமும் அமானிதமும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் வாரம் அது. ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டாம் முறையாகக் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் அகப்பட்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் உள்ள நமது சிறு கடைக்குள் மேசையின்மேல் மேசை போட்டு, அதன்மேல் பிறருடைய கணினிகளை ஏற்றி வைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமர்ந்திருந்தோம். அப்போது சிதம்பரத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அங்கே புதிதாகக் கணினிப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஓர் இளைஞர். ஓரிரு முறை நம் கடைக்கு வந்து போனவர்.

"பாய், தண்ணியில நனைஞ்ச ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வந்திருக்கு. முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"இங்கே கொண்டு வா, பார்த்துக்கலாம்" என்றோம்.

அவர் கேட்டதற்கு விடை நமக்குத் தெரியாததன்று. 'மின்சாரம் கொடுக்காதே, சூடு காட்டி உலர்த்தாதே, மூடியைத் திறக்காதே, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வை' என்று சொல்லியிருந்தால் போதும். அரை நிமிடப் பேச்சு. அதை நாம் சொல்லவில்லை. முதற்படியைச் சொன்னால் இரண்டாம் படியைக் கேட்பார், இரண்டையும் அறிந்துகொண்டால் நம்மிடம் வரமாட்டார் என்னும் கணக்கு உள்ளே இருந்தது. அக்கணக்கையெல்லாம் அந்த நொடியில் போட்டுப் பார்த்தோம் என்றுகூடச் சொல்வதற்கில்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் நாவே தானாக மடங்கிக்கொண்டது. சாலை பல இடங்களில் நீரில் மூழ்கியிருக்கிறது, அவரால் உடனே வர இயலாது என்பதும் நமக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் நாள் வந்தார். உடன் ஒரு முதியவரும் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. வரும் வழிக்குக் காத்திருந்த நேரத்தில் இளைஞர் சும்மா இருக்கவில்லை. வெந்காற்று ஊதும் கருவியால் வட்டை நன்றாக உலர்த்தியிருக்கிறார். பிறகு கணினியில் இணைத்திருக்கிறார். 'டிக், டிக்' என்று ஓசை கேட்டிருக்கிறது. உள்ளே மண் புகுந்திருக்கும் என்று எண்ணி மூடியைக் கழற்றி, மென்மையான துணி கொண்டு தட்டைத் துடைத்து, மீண்டும் மூடி, மீண்டும் இணைத்திருக்கிறார். நாம் திறந்து பார்த்தபோது, நிலைக்கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய தட்டின்மீது வட்டவட்டமாகக் கீறல் விழுந்து, அதிலிருந்து உதிர்ந்த கரும்பொடி ஓரமெங்கும் படிந்திருந்தது.

அந்த வட்டில் என்ன இருந்தது என்பதை முதியவரே சொன்னார். அவர் பல்லாண்டுகள் சவூதி அரேபியாவில் தம்மாமில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாயிருந்ததுபோல, ஊரிலிருந்து மனைவியார் கடிதத்திற்குப் பதிலாகக் கேஸட்டில் பேசி, பயணம் புறப்படுவோர் கையில் கொடுத்தனுப்புவார். பிள்ளைக்குப் பல் முளைத்தது, கிணற்றில் நீர் வற்றியது, மாமியார் உடல்நிலை, பெருநாளைக்கு யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படிப் பதினோரு கேஸட்டுகள். அந்த அம்மையார் 2009-இல் மறைந்தார்கள். அடுத்த ஆண்டு மகன் அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றினார். கேஸட்டுகளின் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டபடியால் பிறகு எறிந்துவிட்டார்கள். அம்மையார் படம் எடுத்துக்கொள்ள ஒருபோதும் இசையாதவர். வாக்காளர் அட்டையில் உள்ள மங்கிய படம் ஒன்றே மிச்சம்.

"குரல்தான் தம்பி இருந்தது" என்றார் முதியவர்.

இளைஞர் நம்மைக் குறை கூறவில்லை. "நான்தான் பாய் கெடுத்துட்டேன்" என்று தலை கவிழ்ந்து நின்றார். நாம் பேசாதிருந்தோம். அவர் கெடுத்ததில் பாதி நம்முடையது என்று அந்த இடத்தில், அந்த முதியவர் முன்னிலையில் நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அழிந்துபோன அல்லது பழுதுபட்ட கணினிச் சேமிப்பிலிருந்து படங்களையும் எழுத்துகளையும் மீட்டுக் கொடுப்பது நமது தொழில். இதனை அறியாத வாசக அன்பர்களுக்காகச் சில சொல்வோம். ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு சிறு பெட்டிக்குள் சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். எழுத்தைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை; சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதந்து செல்கிறது. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று எண்ணிப் பார்த்தால், அந்த இடைவெளியில் ஒரு புகைத்துகளும் மலையாகும் என்பது விளங்கும். விரல் பட்ட தடமே போதும், முனை அதில் மோதி உடையும். ஆகவேதான் தூசி வடிகட்டிய காற்றறையில் அன்றி அதனைத் திறக்கலாகாது. பெட்டியில் காற்றழுத்தம் சமப்பட ஒரு மூச்சுத்துளை உண்டு. வெள்ளநீர் அதன் வழியேதான் உள்ளே போகிறது. நீர் உள்ளே சென்றதால் மட்டும் எழுத்து அழிவதில்லை. அது உலரும்போது உப்பும் சேறும் தட்டின்மீது இறுகி, முனையை அதனோடு ஒட்டவைக்கின்றன. அந்நிலையில் மின்சாரம் கொடுத்துச் சுழற்றினால் தட்டு உழப்படுகிறது. வீட்டார் அன்பு மிகுதியால் வெயிலில் காயவைத்தும், அரிசி மூட்டையில் புதைத்தும் செய்யும் வைத்தியமெல்லாம் நோயாளியைக் கொல்லும் வைத்தியமே.

தவறுதலாக அழித்துவிட்ட கோப்பின் நிலை வேறு. நூலகத்தில் புத்தகம் அலமாரியிலேயே இருக்க, பட்டியலிலிருந்து அதன் பெயரை மட்டும் அடித்துவிடுவது போன்றது அது. அந்த இடத்தில் வேறொரு புத்தகத்தை வைக்கும்வரை பழையது அங்கேதான் இருக்கும். எனவே அழிந்தது தெரிந்தவுடன் அந்த வட்டில் வேறெதையும் எழுதாதிருப்பதே முதற்கடமை. இதுவும் அரை நிமிடத்தில் சொல்லிவிடக் கூடியதே.

இத்தொழிலுக்கு நாம் வந்ததும் நீரால்தான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதுவரை நாம் கணினி விற்பவராக இருந்தோம். சில நாட்கள் கழித்து, கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒருவர், தம் மகளின் திருமணப் படங்கள் இருந்த வட்டைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். மகள் இல்லை. நாம் அதை ஒன்றும் செய்ய இயலாமல் திருப்பிக் கொடுத்தோம். அன்று முதல் இதனைக் கற்றே தீருவது என்று புறப்பட்டோம்.

கற்றது எப்படி என்று கேட்டால், களவாடிக் கற்றோம் என்றே சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கைதேர்ந்தவர் ஒருவரிடம் மூன்று மாதங்கள் எடுபிடியாக இருந்தோம். தேநீர் வாங்கி வருவதும் திருகாணிகளைப் பொறுக்குவதும் நம் வேலை. முக்கியமான கட்டம் வந்ததும் அவர் முதுகைத் திருப்பிக்கொள்வார். இல்லையேல் நம்மைக் கடைக்கு அனுப்பிவிடுவார். இரவில் குப்பைக்கூடையில் அவர் எறிந்த பாகங்களைப் பார்த்து, இன்னது செய்திருப்பார் என்று ஊகிப்போம். நமதூர்க் கல்யாண வீடுகளில் பண்டாரி மசாலா போடும் நேரத்தில் மட்டும் ஏதேனும் சாக்குச் சொல்லி எல்லாரையும் அடுப்படியிலிருந்து வெளியே அனுப்புவாரே, அந்தக் காட்சிதான் நமக்கு நினைவு வரும். பண்டாரி மறைத்தால் ஒரு சஹனில் சுவை குறையும், அவ்வளவே. இங்கே குறைவது வேறு.

இப்படி வருந்திக் கற்றவன், பின்வருபவனும் அவ்வாறே வருந்தட்டும் என்று நினைப்பது இயல்பு. மாமியாரிடம் இடிபட்ட மருமகள் தான் மாமியாரானதும் செய்வதும் அதுவே. நாமும் பதினோராண்டு அப்படித்தான் இருந்தோம்.

எனினும் மறைப்போர் பக்கம் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. அரைகுறை அறிவு ஆபத்து என்பது இத்தொழிலில் நாள்தோறும் காணும் உண்மை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை இறக்கி, எந்த வட்டிலிருந்து மீட்க வேண்டுமோ அதே வட்டில் அதனை நிறுவிவிட்டு, மீட்க வேண்டியதையே அழித்துக்கொண்டு வருபவர் பலர். பழுதான வட்டின் உள்நிரலைத் திருத்தும் கருவிகள் பல இலட்சம் ரூபாய் விலையுள்ளவை. கடன்பட்டு அவற்றை வாங்கியவர் தம் முதலைக் காக்க நினைப்பது குற்றமாகாது. மேலும், வட்டு செய்யும் நிறுவனங்களே தம் உள்நிரலை வெளியிடுவதில்லை. மீட்போர் அதனைத் துருவித் துருவி அறிந்தது.

இவ்விரு பக்கத்தையும் ஒருசேரக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009-இன் தொடக்கத்திலும், சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 என்னும் வகை வட்டுகள் உலகெங்கும் திடீர் திடீரென்று உணர்விழந்தன. தட்டும் முனையும் நலமாகவே இருந்தன. உள்நிரலில் இருந்த ஒரு பிழையால் வட்டு தன்னையே பூட்டிக்கொண்டது. மீட்பு நிலையங்களில் அதற்குப் பெருந்தொகை கேட்டார்கள். அப்போது ஆர்வலர் சிலர், மலிவான ஒரு கம்பி இணைப்பும் இரண்டொரு கட்டளைகளும் கொண்டு அதனை எழுப்பும் முறையைக் கண்டறிந்து, படங்களோடு எழுதி எல்லாருக்கும் வழங்கினர். மின்பலகைக்கும் வட்டுக்கும் இடையே ஒரு துண்டு அட்டையைச் செருகுவதும் அம்முறையில் ஒரு படி! நம் கடைக்கு வந்த அவ்வகை வட்டுகளை அவர்கள் சொன்னபடிதான் எழுப்பினோம். கட்டணத்தை மட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டோம். அந்த நிறுவனம் திருத்திய நிரலைப் பின்னர் இலவசமாக வழங்கியது. பாதிக்கப்பட்டோருக்குக் கட்டணமின்றி மீட்டுத் தரவும் முன்வந்தது. கட்டளை ஒன்றைப் பிழையாக அடித்து உள்ளதையும் கெடுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த எழுத்து வெளிவராதிருந்தால் விலை கொடுக்க இயலாத எத்தனையோ பேர் வட்டைக் குப்பையில் எறிந்திருப்பார்கள்.

நாம் அன்றாடம் கையாளும் கருவிகளிலும் பிறர் மறைக்காமல் வழங்கியவையே மிகுதி. பழுதான வட்டிலிருந்து நல்ல பகுதிகளை முதலில் எடுத்து, கெட்ட பகுதிகளைப் பிறகு பொறுமையாகத் தடவிப் பார்க்கும் 'டிடிரெஸ்க்யூ'வை அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி எவரும் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறார். அழிந்த படங்களைத் தேடியெடுக்கும் 'போட்டோரெக்'கைப் பிரெஞ்சு நாட்டவரான கிறிஸ்தோப் கிரெனியே அவ்வாறே வழங்கியிருக்கிறார். அவர்களின் கொடையை வாங்கி உண்டுகொண்டே, சிதம்பரத்து இளைஞருக்கு அரை நிமிடப் பேச்சைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

கேட்கப்பட்ட அறிவை மறைப்போரைப் பற்றி நபிமொழியில் வந்துள்ள எச்சரிக்கையை நம்மவர் யாவரும் கேட்டிருப்பர். அது மார்க்க அறிவைக் குறித்தது என்று ஆலிம் பெருமக்கள் விளக்குவார்கள். வட்டுப் பழுதுக்கு அதனை இழுத்து வந்து நம் கட்டுரைக்குக் கனம் சேர்த்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஆயினும் அந்த டிசம்பருக்குப் பிறகு ஜும்ஆப் பிரசங்கத்தில் அதனைக் கேட்க நேர்ந்த ஒரு நாள், தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். கடை வாசலிலேயே நின்றார். "பாய், சம்பளம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

நம் மைத்துனர் அப்போது உடனிருந்தார். இளைஞர் போன பிறகு, "என்ன மச்சான், பிழைப்பைத் தட்டுல வச்சு நீட்டப் போறீங்களா? சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வேலையெல்லாம் நாளைக்கு அவன்கிட்டத்தானே போகும்?" என்று கேட்டார். கேட்டது சரிதான். அவ்வாறே நடந்தும் விட்டது. வீட்டில் சொன்னபோது, "அந்தப் பெரியவர் வீட்டுக்கு இன்னொரு தடவை போய்ப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

போகவே செய்தோம். சிதம்பரம் செல்லும் பேருந்தில் அமர்ந்திருந்தபோது, ஏடு மீட்ட பெரியவர் ஒருவர் சில காலம் அவ்வூரில் ஆசிரியராக இருந்தது நினைவுக்கு வந்தது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு பின்னர் இணைந்தது அக்கல்லூரி. செல்லரித்த ஓலைகளில் எஞ்சிய எழுத்தைப் படித்து, ஒரு படியில் விட்டுப்போனதை மற்றொரு படியில் தேடி இணைத்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் வெளியிட்ட வரலாறு யாவரும் அறிந்தது. நமது தொழிலின் கண்ணோடு பார்த்தால் அவர் செய்ததும் இதுவே. கெட்ட பகுதியை விட்டு நல்ல பகுதியை முதலில் எடுப்பது; ஒரே நூலின் பல படிகளை வைத்து ஒப்பிடுவது; தெரியாத இடத்தில் தம் கற்பனையை நிரப்பாமல் தெரியாதென்றே விடுவது. இவற்றை அவர் மறைத்து வைக்கவில்லை. பாட வேறுபாடுகளைக் காட்டினார்; எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று முன்னுரைகளில் எழுதினார்; கி.வா. ஜகந்நாதன் போன்றோரை அருகிருத்திப் பழக்கினார். அவருக்கும் பிறர் மறைக்கவில்லை. சிந்தாமணியில் சமண சமயச் செய்திகள் விளங்காமல் அவர் திகைத்தபோது, கும்பகோணத்துச் சமணர்கள்தாம் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். தங்கள் சமயத்து நூலை வேற்றுச் சமயத்தவர் ஒருவர் ஏன் கேட்கிறார் என்று அவர்கள் வாய் மூடியிருந்தால் அந்நூல் அவ்வாறு வெளிவந்திருக்காது.

அதே சிதம்பரத்தில், பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளைக் கரையான் அரித்தது போக எஞ்சியவையே பிற்காலத்தார்க்குக் கிடைத்தன என்று சைவ மரபு கூறுவதும் சிந்திக்கத் தக்கது. நம்மவர் நூல்களின் நிலையும் இதனினும் நன்றாக இருந்ததில்லை. சீறாப்புராணத்தைச் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842-இல் அச்சேற்றினார். இல்லாவிடில் அதன் கதி என்னவாகியிருக்கும்? உமறுப் புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அவர் மாணவனின் மதத்தைக் கேட்டுக் கற்பிக்கவில்லை.

பேருந்திலிருந்து இறங்கும்போது நம் மனம் ஒருவாறு துணிந்திருந்தது. முதியவரை அவர் இல்லத்தில் கண்டு, முன்பு சொல்லாததைச் சொன்னோம்: முதல் நாளே அந்தப் பிள்ளை நம்மைக் கேட்டான்; நாம்தாம் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பித் தேநீர் கொண்டு வரச் சொன்னார்.

2016-ஆம் ஆண்டு மார்ச் முதல் இளைஞர் ஞாயிறுதோறும் வந்தார். நாம் கற்பித்த முறை பெரிதும் மதரஸாவில் கண்ட முறையே. ஓதிக் கொடுக்கும் உஸ்தாது எதையும் ஒளிப்பதில்லை. ஆனால் மாணவன் நாவு திருந்தும்வரை அடுத்த பாடத்திற்குப் போகவும் விடுவதில்லை. பிறருக்கு ஓதிக் கொடுக்கும் ஸனதை முதல் நாளே கொடுத்துவிடுவதும் இல்லை. அறிவைத் திறந்து வைப்பது வேறு, பிறர் பொருளில் கை வைக்க அனுமதிப்பது வேறு. நாம் முன்பு இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம். செய்யக் கூடாதவற்றைத் தெருவில் போகிறவருக்கும் சொல்லலாம், சொல்ல வேண்டும். மூடி திறக்கும் கைப்பழக்கமோ, பழுதான வட்டுகள் நூற்றைக் கெடுத்த பிறகே வருவது. அந்த நூறும் எவருடைய நினைவும் இல்லாத வட்டுகளாக இருக்க வேண்டும்.

இதற்காகக் காயலான் கடையில் எடைக்கு எடை பழைய வட்டுகள் வாங்கினோம். அங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. நான்காம் ஞாயிறு, தாமே உயிர்ப்பித்த ஒரு வட்டிலிருந்து படங்களை எடுத்து, முகமெல்லாம் மகிழ்ச்சியாக நம்மிடம் காட்டினார் இளைஞர். யாரோ ஒரு குடும்பம். வீட்டினுள் எடுத்த படங்கள். பெண்கள் முக்காடின்றி இயல்பாக அமர்ந்திருந்தார்கள். விற்றவருக்கு அதில் இவையெல்லாம் இருப்பதே தெரிந்திராது.

"நல்லா எடுத்திருக்கேனா பாய்?"

"நல்லாத்தான் எடுத்திருக்கே. இந்த வீட்டுக் கதவை உனக்கு யாருப்பா திறக்கச் சொன்னாங்க?" என்று கேட்டோம்.

அவர் முகம் வாடிற்று. அவரைக் குறை சொல்லவும் நமக்குத் தகுதியில்லை; காயலான் கடை வட்டு என்றால் காலியானது என்று எண்ணியது நம் அசட்டைதான். அன்று அந்த வட்டைச் சுவடில்லாமல் அழித்தோம். அதன்பின், வாங்கும் வட்டுகளை முதலில் முழுதும் அழித்து, நம் சொந்தப் படங்களையும் கடைக் கணக்குகளையும் அதில் நிரப்பி, பிறகு நாமே அதனைக் கெடுத்து, அவரை மீட்கச் சொல்வது வழக்கமாயிற்று. மீண்ட பொருளைத் திறந்து பார்ப்பதில்லை. எண்ணிக்கையும் அளவும் சரிதானா என்று மட்டும் பார்ப்பது. திறந்து பார்த்தே ஆகவேண்டுமெனில் உரியவரை அருகில் வைத்துக்கொள்வது. மின்னணு வடிவில் உள்ள தனிமனிதர் விவரங்களைக் காக்க 2023-இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் வருமுன்னரே இதற்கு நம் வீடுகளில் அமானிதம் என்று பெயர் இருந்தது.

இத்தொழிலில் மறைக்க வேண்டிய இரகசியம் ஒன்று உண்டு, அது வாடிக்கையாளருடையது. நாமோ அதனை நண்பர்களிடம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கே யார் வீட்டு வட்டில் என்ன இருந்தது என்பது கடை வாசலில் சிரிப்புக்குப் பொருளாயிருந்தது. எல்லாருக்கும் சொல்ல வேண்டிய அரை நிமிடப் பேச்சையோ இரும்புப் பெட்டியில் வைத்திருந்தோம்.

அந்தப் பெட்டியில் வைத்ததும் நிலையாக இருக்கவில்லை. இப்போது பெரும்பாலான கணினிகளில் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சேமிப்பே இருக்கிறது. அதில் ஒரு கோப்பை அழித்தால், 'டிரிம்' என்னும் ஏற்பாட்டின்படி அந்த இடத்தை அதுவே துப்புரவாகத் துடைத்துவிடுகிறது. நூலக அலமாரி உவமை அங்கே செல்லாது. கைப்பேசிகளிலோ எல்லாம் மறையெழுத்தாகவே எழுதப்படுவதால், நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்தாலும் படிக்க முடிவதில்லை. ரிச்சி தெருப் பெரியவர் முதுகைத் திருப்பிக்கொண்டு செய்த வேலைகளில் பாதி இன்று எவருக்கும் பயன்படாது. அவர் எவருக்கும் கற்பிக்காமலே காலமானார் என்று கேள்விப்பட்டோம்.

இளைஞர் 2018-இல் சிதம்பரத்திலேயே முறையான மேசையும் காற்று வடிகட்டும் பெட்டியும் அமைத்துக்கொண்டார். கடை முகப்பில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது: நனைந்தால் உலர்த்தாதீர், ஓசை கேட்டால் மின்சாரத்தை நிறுத்துவீர், திறக்காதீர், அழிந்தால் மேலும் எழுதாதீர். அதைப் படித்துவிட்டு, உள்ளே வராமல் போகிறவர்களும் உண்டாம். நம் மைத்துனர் சொன்னபடி தெற்குப் பக்கத்து வேலை நமக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது. சில மாதங்களில் கடை வாடகைக்கே கையைக் கடிக்கிறது. இதனால் நமக்கு மன வருத்தமே இல்லை என்று எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். நாமும் அப்படி எழுதப் போவதில்லை.

அந்த முதியவரின் வட்டு நம் இரும்பு அலமாரியில், உறை ஒன்றில் பெயரெழுதி வைக்கப்பட்டிருந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. நாமும் கொடுக்கத் துணியவில்லை. கடை அமைத்த ஆண்டில் இளைஞர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "பாய், அந்த வட்டை எனக்குத் தருவீங்களா? தட்டோட வெளி ஓரத்துல ஒரு விரற்கடை அளவு கீறல் இல்லாம இருக்கு. முனையை மாத்தி அந்த இடத்தை மட்டும் படிச்சுப் பார்க்கிறேன்" என்று கேட்டார்.

கொடுக்கும் உரிமை நமக்கில்லை, உரியவரைக் கேள் என்றோம். மறுநாள் அவரே போய்க் கேட்டிருக்கிறார். மாலையில் முதியவரிடமிருந்து நமக்குத் தொலைபேசி வந்தது.

"அந்தப் பிள்ளை வந்துச்சு தம்பி. கொடுத்துடுங்க. பழகிக்கட்டும்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஏதாவது கேட்டா மட்டும், ராத்திரியா இருந்தாலும் பரவாயில்லை, உடனே கூப்பிடச் சொல்லுங்க" என்றார்.